நாகேஷ் கதை சொல்லும்போது பாலையாவைப் பாருங்கள்

வணக்கம் சொந்தங்களே. யாங்கோனிலிருந்து பேசுகிறேன். எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்றைக்குப் பழைய தமிழ் சினிமா நடிகர் டி.எஸ்.பாலையாவைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

தம்வே பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைப் பையன்கள் போனில் 'காதலிக்க நேரமில்லை' படத்துப் பேய்க்கதைக் காட்சியைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வீட்டில் பேசுகிற தமிழும் பர்மியும் கலந்துதான் இருக்கும். ஆனால் அந்தக் காட்சி வந்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "நாகேஷ் காமெடி அண்ணே" என்பார்கள். எனக்கு அங்கேதான் மனசு கேட்பதில்லை. அது நாகேஷ் காமெடி மட்டும் இல்லை. பாதிக்கு மேல் பாலையாவுடையது.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்டேட் முதலாளி விசுவநாதனாகப் பாலையா. மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகனுக்குப் படம் எடுக்கிற பைத்தியம், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்திருக்கிறான், அப்பாவிடம் பணம் வாங்க வேண்டும். அதற்காகக் கதை சொல்கிறான். கும்மிருட்டு, காலடிச் சத்தம், கதவு கிறீச்சிடுவது, எல்லாச் சத்தமும் நாகேஷ் வாயிலிருந்தே வரும். அபாரமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் காட்சியை மறுபடி போட்டு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். ஆரம்பத்தில் அப்பா என்கிற கெத்தோடு உட்கார்ந்திருப்பார். சரி சொல்லித் தொலை என்கிற முகம். முதல் சத்தம் வந்ததும் கண் மட்டும் ஒரு பக்கம் போய்த் திரும்பும். உடம்பு அசையாது. அப்புறம் கழுத்து உள்ளே போகும், தாடை கோணும். பயப்படுகிறோம் என்பதை மகனுக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த மனுஷன் படுகிற பாடு இருக்கிறதே, அதுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. அவருக்குப் பெரிதாக வசனமே கிடையாது. நாகேஷ் கிளப்பிவிடுகிற பயம் அவர் முகத்தில்தான் வந்து இறங்குகிறது. இந்த முகம் எதிரே இல்லையென்றால் நாகேஷ் தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பதாகத்தான் இருக்கும்.

இதை எப்படி அவரால் செய்ய முடிந்தது? அதற்குப் பின்னால் போக வேண்டும்.

பாலையா பிறந்தது 1914-இல். தெற்கத்திச் சீமைக்காரர். நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த தலைமுறை அவருடையது. அந்தக் காலத்துத் தமிழ் நாடகக் கம்பெனிகள் கப்பலேறி ரங்கூன் வரைக்கும் வந்து கொட்டகை போட்டிருக்கின்றன. எம்.ஜி.ஆர். கூடச் சின்ன வயதில் அப்படி ஒரு கம்பெனியோடு இங்கே வந்து நடித்தவர்தான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல் அவர்களுக்கு. பாலையாவின் குரலில் அது கடைசி வரை இருந்தது. மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் சேர்ந்து வருகிற மாதிரி கரகரப்பு, வார்த்தையின் கடைசியில் ஒரு இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது பாலையா என்று சொல்லிவிடலாம்.

சினிமாவில் அவர் முதல் படம் 'சதி லீலாவதி', 1936. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம், பாலையாவுக்கோ வில்லன் வேடம். அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே நின்றார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல், தமிழ் சினிமாவில் நயவஞ்சகம் என்றால் கூப்பிடுகிற முதல் ஆட்களில் இவர் ஒருவர். 1956-இல் வந்த 'மதுரை வீர'னில் நரசப்பனாக வந்து எம்.ஜி.ஆரை எவ்வளவு படுத்துகிறார் என்று பாருங்கள். என் பாட்டி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாலையா வந்தால் சாபம் விடுவார். நடிகருக்கு அதைவிட என்ன வேண்டும்?

நடுவில் 1949-இல் 'வேலைக்காரி' என்று ஒன்று. அண்ணா எழுதியது. அதில் கே.ஆர்.ராமசாமியின் நண்பன் மணி பாலையாதான். ஆத்திரத்தில் கத்தியைத் தூக்குகிற நண்பனை நிறுத்தி, புத்தியால் பழிவாங்கச் சொல்கிற ஆள். வில்லன் முகத்தை வைத்துக்கொண்டு கதையின் மூளையாக இருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வசனத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவரை விட்டுவிடுகிறார்கள்.

'தூக்குத் தூக்கி'யைச் சொல்லாமல் போகக் கூடாது. 1954. சேட்டு வேடம். "நம்பள்கி நிம்பள்கி" என்று உடைந்த தமிழில் பேசிக்கொண்டு, வில்லத்தனமும் சிரிப்பும் ஒரே ஆளிடம். எனக்குத் தெரிந்து அவர் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிற படம் இதுதான். இதற்கப்புறம் சினிமாவில் வந்த எத்தனையோ சேட்டு வேடங்களில் இவர் சாயல் தெரியும்.

அப்புறம் பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை', 1959. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கிற வீடு, நடுவில் சுவர் எழுகிறது. அண்ணனாகப் பாலையா, தம்பியாக எஸ்.வி.சுப்பையா. மனைவி பேச்சைக் கேட்டுத் தடுமாறுகிற பெரியவர். கெட்டவர் இல்லை, பலவீனமானவர். வில்லனுக்குரிய விறைப்பு அவரிடமிருந்து கழன்று விழுவது இந்தப் படத்தில்தான் என்பது என் கணிப்பு. சிரிப்புக்கும் இங்கிருந்துதான் வழி பிறந்தது. பெரிய மனுஷன், அதிகாரம் உள்ளவன், ஆனால் உள்ளே எங்கோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது. அந்த இடத்தைத் தொட்டால் ஆள் மொத்தமும் ஆடுவார்.

1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யின் இயக்குநர் ஸ்ரீதர் அதைச் சரியாகத் தொட்டார். அந்த வருஷத்தைச் சொல்லும்போது இங்கே இருக்கிற நம் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். பிப்ரவரியில் சென்னையில் 'காதலிக்க நேரமில்லை' வெளியாகிறது. மே மாதம் இங்கே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடைகள் ஏற்கெனவே அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தன. கையில் இருந்ததும் காகிதமாகிவிட, நம் சனம் கப்பல் கப்பலாகக் கிளம்பியது. எங்கள் குடும்பத்திலும் பாதி அங்கே போனது, பாதி இங்கே தங்கியது. போய் இறங்கிய சின்னத் தாத்தா, மெட்ராசில் முதலில் பார்த்த படம் இதுதான் என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த மனுஷனை ஒரு மூன்று மணி நேரம் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

படத்தில் பேய்க்கதையைவிட எனக்குப் பிடித்த இடம் வேறு. அசோக் என்கிற ரவிச்சந்திரன் விசுவநாதனிடம் வேலை பார்த்தவன். முதலாளி வேலையை விட்டுத் துரத்திவிடுகிறார். பையன் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுப் பாட்டுப் பாடி ரகளை செய்கிறான். அப்போது பாலையா முகத்தில் எவ்வளவு எரிச்சல், எவ்வளவு ஏளனம்! பிறகு அசோக்கின் நண்பனாக வருகிற முத்துராமன், கோடீசுவரக் கிழவர் சிதம்பரம் என்று வேடம் போட்டு வந்து, அசோக் தன் மகன் என்கிறார். அந்த நொடியில் பாலையாவைப் பாருங்கள். முதுகு தானாக வளைகிறது, குரல் பாகாக இளகுகிறது. "அசோகர் உங்க மகரா?" என்கிறார். நேற்று வரைக்கும் 'டேய்' என்று கூப்பிட்ட பையனுக்கு அப்படி ஒரு மரியாதை. பணத்தைக் கண்டால் பல்லிளிக்கிற பெரிய மனுஷனைத் திட்டுவதற்குப் பத்துப் பக்க வசனம் எழுதலாம். பாலையா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிரிப்பு வர வேண்டும் என்று அவர் எதுவுமே செய்யவில்லை. விசுவநாதனுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. பெண்ணுக்குப் பெரிய இடம் அமைகிறது, கெடுத்துவிடக் கூடாது. இருபது வருஷம் வில்லனாக, 'நான் நினைத்தது நடந்தே தீர வேண்டும்' என்று நின்று பழகியவர் அல்லவா? அதே தீவிரத்தைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறார். ஆசைப்படுகிற பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இந்தப் படத்தை இந்தியில் 1966-இல் 'பியார் கியே ஜா' என்று எடுத்தபோது அப்பா வேடத்தை ஓம் பிரகாஷும் மகன் வேடத்தை மெஹமூதும் செய்தார்கள். நல்ல நடிகர்கள்தான். ஆனாலும் நம் பாலையாவின் கனம் அதில் இல்லை என்பேன்.

அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. இங்கே காளியம்மன் கோவில் திருவிழா சமயத்தில் ஏதாவது ஒரு வீட்டில் அந்தப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹேமநாத பாகவதராகப் பாலையா. பாண்டியன் சபையில் வந்து "ஒரு நாள் போதுமா" என்று பாடுகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. அவ்வளவு பெரிய வித்வானின் குரலைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, இது என் குரல்தான் என்று நம்ப வைப்பது லேசான காரியமா? அந்தக் கை வீச்சு, சபையை ஒரு தினுசாக அளக்கிற பார்வை, ராகத்துக்கு ராகம் புருவம் ஏறி இறங்குவது. பாட்டுக் கற்றவர்களே அதில் குறை சொல்லிக் கேட்டதில்லை. பிறகு இரவில் விறகுவெட்டியாக வந்த சிவாஜி திண்ணையில் உட்கார்ந்து பாட, இவர் கேட்கிறார். மறுபடி பாருங்கள், கேட்கிற வேலைதான். கேட்கக் கேட்கக் கர்வம் வடிந்து, கடைசியில் வெறும் பயமும் பிரமிப்பும் மிஞ்சுகின்றன. இரவோடு இரவாக ஊரைவிட்டே போய்விடுகிறார். பேய்க்கதை கேட்ட அதே முகம்தான், ஆனால் இப்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

1967-இல் பாலசந்தரின் 'பாமா விஜயம்'. மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் மூன்று மகன்கள். பக்கத்து வீட்டுக்கு சினிமா நடிகை குடிவந்ததும் கடன் வாங்கி ஆடம்பரம் செய்கிற பிள்ளைகளையும் மருமகள்களையும் வழிக்குக் கொண்டுவருகிற அப்பா. "வரவு எட்டணா" பாட்டு இன்றைக்கும் மாதக் கடைசியில் எல்லோர் வீட்டிலும் ஒலிக்கிறது. அதே வருஷம் 'ஊட்டி வரை உறவு', மனைவிக்குப் பயந்து ரகசியத்தை மூடி மறைக்கிற பணக்கார அப்பா. இது கொஞ்சம் பழகிய தடம்தான்.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்'. தவில் வித்வான் முத்துராக்கு. சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கும்போது இவர் தவிலைத் தட்டுகிற தோரணையைப் பாருங்கள், தோள் வேலை செய்யும், முகம் தாளத்தோடு பேசும். ரயில் பெட்டியில் சிவாஜிக்கும் பத்மினிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, அந்தக் கண்ஜாடைகளுக்கு இடைஞ்சலாக இருக்கிற இடம் இருக்கிறதே! அதே நேரம் அந்தக் கோபக்கார நாதஸ்வரக்காரனுக்குத் தாய் மாதிரி இருப்பதும் இவர்தான்.

1972-இல் போய்விட்டார். அறுபது வயதைக்கூடத் தொடவில்லை. அவர் மகனை உங்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். 'கரகாட்டக்கார'னில் அந்தக் குழுவில் ஒருவராக வருவார், 'சாட்டை'யில் தலைமையாசிரியராக வருவார், ஜூனியர் பாலையா. 2023-இல் அவரும் காலமாகிவிட்டார். 'சாட்டை'யில் அவர் பேசும்போது வார்த்தையின் கடைசியில் அப்பாவின் அந்த இழுப்பு வரும், கேட்டுப் பாருங்கள்.

கரண்ட் போகிற நேரமாகிவிட்டது. 'பாகப்பிரிவினை'யை முழுதாகப் பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த அண்ணனைப் பற்றியே அடுத்த முறை தனியாகப் பேச வேண்டும்.