முன்கூட்டிச் சொன்ன பரிசு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். பரிசைப் பற்றிப் பேசச் சொன்னதும் ஒரு சிறுமிதான் நினைவுக்கு வந்தாள்.

ஒரு வருடம், அதிகப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் கோப்பை என்று அறிவித்தோம். ஜூலையில் நூலக அறையில் நிற்க இடமில்லை. செப்டம்பரில் இரவல் நோட்டைப் புரட்டினேன். எல்லாம் பதினாறு பக்கக் கதைகள். முந்தைய வருடம் ஒரே நாவலை இரண்டு முறை எடுத்துப்போன அந்தச் சிறுமியிடம் கேட்டால், "பெரிய புக் எடுத்தா எண்ணிக்கை குறைஞ்சிடும் டீச்சர்" என்கிறாள். அவளை அப்படிக் கணக்குப் போட வைத்தது நாங்கள்தான். இன்றும் அது உறுத்துகிறது.

அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகுதான் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவுமில்லை.

ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துவிட்டு, பிள்ளைகள் அறியாமல் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்தவர்கள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். பரிசை எண்ணி வரைந்த படங்களும் சுமாராகவே இருந்தன. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கோ ஆசை துளியும் குறையவில்லை.

அதற்காகப் பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. புத்தகப் பக்கமே வராத பிள்ளையை முதல் தடவை உள்ளே இழுக்கப் பரிசு உதவும், பார்த்திருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஆசையோடு செய்கிறவர்களுக்கு முன்னால் கோப்பையைக் காட்டும்போதுதான் பயமாக இருக்கிறது. "எதற்காகப் படிக்கிறாய்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் இருந்த பதிலை நாம் மாற்றிவிடுகிறோம்.

மறு வருடம் கோப்பையை நிறுத்தினோம். காலை இறைவணக்கக் கூட்டத்தில், படித்ததில் பிடித்ததை ஒரு பிள்ளை வந்து சொல்லலாம் என்றோம். சொன்னதும் எல்லாரும் கைதட்டுவோம், அவ்வளவுதான். யாருடைய முறை எப்போது என்று பட்டியல் எதுவும் போடவில்லை. அந்தச் சிறுமி ஒருநாள் வந்தாள். நாவலில் பாதிதான் முடித்திருந்தாள். மீதி என்னவாகும் என்று அவளே ஊகித்துச் சொன்னாள். முதல் மணி அடித்தும் யாரும் வகுப்புக்குக் கிளம்பவில்லை.