எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்: தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி பேட்டரியைப் பற்றித்தான். வெயில் ஏறிவிட்டது இல்லையா, வருடா வருடம் சித்திரை பிறந்ததும் இதே கேள்விகள் வரிசையாக வரும். அதில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் "பேட்டரி நிக்கல" என்று ஒரு வரியோடு விடாமல் ரிப்போர்ட்டையும் எடுத்து அனுப்பியிருக்கிறார். படித்துவிடுகிறேன்.

"அண்ணே, லேப்டாப் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. வீட்டில் இருந்துதான் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சார்ஜரைக் கழற்றுவதே இல்லை. புதுசில் நாலு மணி நேரம் நின்றது. இப்போ கரண்ட் போனால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில், அதுவும் 20 சதவீதம் காட்டும்போதே, பட்டென்று அணைந்துவிடுது. அப்பா விசைப்படகு டிரைவர். பேட்டரின்னா எப்பவும் ஃபுல்லா வைக்கணும் என்கிறார். கூட வேலை பார்க்கும் பொண்ணு, முழுக்க இறக்கிட்டுத்தான் ஏத்தணும் என்கிறாள். யார் சொல்றது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தங்கச்சி. ஆனால் ஆளுக்கொரு பேட்டரியைச் சொல்கிறார்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பது மூன்றாவது.

அப்பா சொல்வது படகில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி. எஞ்சின் ஸ்டார்ட் செய்ய, லைட் எரிய, ஜிபிஎஸ் ஓட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அதை அரைகுறையாக இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் உள்ளே ஈயத் தகட்டின் மேல் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பேட்டரியைச் சும்மா விடாமல் அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைப்பது இதற்காகத்தான். வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் பெரும்பாலும் அதே சாதிதான். அந்தப் பேட்டரிக்கு அப்பா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

கூட வேலை பார்க்கும் பெண் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொல்லி வைத்தது. பாதியில் பாதியில் ஏற்றினால் அது அந்தப் பாதியையே பழகிக்கொள்ளும் என்பார்கள், அதனால் முழுக்க இறக்கி ஏற்றச் சொன்னார்கள். அந்தப் பேட்டரி லேப்டாப்பை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதற்குச் சொன்ன பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான். 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. அதைக் கண்டுபிடித்து வளர்த்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இதற்கு முழு வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. நடுவில் இருந்தால்தான் நிம்மதி.

இப்போது அவர் அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். எடுக்கத் தெரியாதவர்களுக்கு: விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். எழுத்துகளை இப்போது திரையில் காட்டுகிறேன், அப்படியே பார்த்து அடிக்கலாம். ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும், பிரவுசரில் திறந்தால் அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்று ஒன்று, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று ஒன்று இருக்கும். முதலாவது பிறந்தபோது இருந்த வலு, இரண்டாவது இன்றைக்கு இருக்கிற வலு. இந்தத் தங்கச்சியின் லேப்டாப்பில் முதலாவது 42,000, இரண்டாவது 23,520. அதாவது 56 சதவீதம்தான் மிச்சம். ஒன்றரை வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

ஆனால் என்னை நிமிர வைத்தது அதற்குக் கீழே இருந்த வரி. சைக்கிள் கவுண்ட், 41.

சைக்கிள் என்றால் எத்தனை தடவை சொருகினீர்கள் என்ற கணக்கு இல்லை. மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள், இன்றைக்கு 50, நாளைக்கு 50 செலவழித்தாலும் சேர்த்து ஒன்றுதான். சாதாரண லேப்டாப் பேட்டரி 300, 500 சைக்கிள் ஓடிய பிறகுதான் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும். இவர் 41-லேயே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழந்திருக்கிறார். அப்போ இந்தப் பேட்டரி உழைத்துத் தேயவில்லை. சும்மா இருந்தே கெட்டிருக்கிறது.

எப்படி? சார்ஜர் சொருகியே இருந்தால் மேலும் மேலும் கரண்ட் ஏறி வெடித்துவிடும் என்று ஒரு பயம் உண்டு, அது வேண்டாம். 100 ஆனதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஏற்றுவதை நிறுத்திவிடும், லேப்டாப் நேராக அடாப்டரிலிருந்து ஓடும். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. முழுசாக ஏறிய நிலையில் ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட் அழுத்தத்தில் நிற்கிறது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு வரை ஆள், உள்ளே மூச்சு முட்டுகிறது, அப்படியே ஓடாமல் பாம்பன் பாலத்துக்கு முன்னால் உச்சி வெயிலில் நிற்கிறது. செல்லுக்குள் அந்த நெரிசலும் சூடும் சேர்ந்தால் எலக்ட்ரோலைட் என்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, தகட்டின் மேல் ஒரு படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்க, போய் வர வேண்டிய லித்தியம் அதிலேயே சிக்கிக் காணாமல் போகும். போனது போனதுதான், திரும்ப வராது.

கணக்காகவே சொல்கிறேன். முழுசாக ஏற்றிய லித்தியம் செல்லை 40 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் சும்மா வைத்தாலே வலுவில் சுமார் 35 சதவீதம் போய்விடும். அதே 40 டிகிரி, ஆனால் பாதிக்கும் கீழே, 40 சதவீதம் மட்டும் ஏற்றி வைத்தால் போவது சுமார் 15. அதையே 25 டிகிரியில் வைத்தால் வெறும் 4. எதனால் என்று இனி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? சூடு மட்டும் என்றால் ஓரளவு தாங்கும், ஃபுல் மட்டும் என்றாலும் தாங்கும், இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பம் கெடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மே மாதம் மத்தியானம் லேப்டாப்பின் அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், 40 டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம்.

இதில் நம்ம கடற்கரைக்கு என்று இன்னொரு கூத்து இருக்கிறது, வெளியூர் வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். உப்பு. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறதே, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பேட்டரி ஆராய்ச்சி எல்லாம் செய்கிற இடம், அவர்களே உப்புக்காற்று உலோகத்தை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க மண்டபத்தில்தான் நிலையம் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்றைத்தான் உங்கள் லேப்டாப் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

இதோ மேசையில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். பாம்பனிலிருந்து வந்தது, இரண்டு வருஷம் ஆனது. இந்தத் திருகாணிகளின் தலையைப் பாருங்கள், பழுப்பேறிவிட்டது. ஃபேனுக்குப் பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி செம்புத் தகடுகள் இருக்கின்றன அல்லவா, சூடு வெளியே போகிற வழி அதுதான், அதன் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி அடைத்திருக்கிறது. மதுரையிலிருந்து வரும் லேப்டாப்பிலும் தூசு இருக்கும், ஆனால் பிரஷ்ஷால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். இது உதிராது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசு அப்பிக்கொள்ளும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேரும். பாருங்கள், இடுக்கியால் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி ஒரே துண்டாக வருகிறது. இது அடைத்ததும் உள்ளே சூடு ஏறும், பக்கத்திலேயே படுத்திருக்கும் பேட்டரி அந்தச் சூட்டிலேயே வேகும். பேட்டரி கெட்டது என்று வருகிறார்கள், கெடுத்தது இந்தக் கம்பளி. கடல் பக்கம் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். நான் கடைக்காரன், அதனால் சொல்கிறேன் என்று நினைத்தால் நீங்களே செய்யுங்கள், ஒரு ஸ்குரூ டிரைவரும் காய்ந்த பிரஷ்ஷும் போதும். அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, சார்ஜை 80-லேயே நிறுத்துகிற வசதியைப் போடுங்கள். இப்போது வருகிற லேப்டாப் பலவற்றில் இது இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. லெனோவோ என்றால் வான்டேஜ் என்ற ஆப்பில் 'கன்சர்வேஷன் மோட்'. ஏசஸ் என்றால் மைஏசஸ். ஏசரில் கேர் சென்டர். டெல் என்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங்ஸ் பக்கத்தில், 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று இருக்கும், எச்பியில் சில மாடல்களில் பயாஸில் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'. போட்டுவிட்டு சார்ஜரை நாள் முழுக்கச் சொருகியே வையுங்கள், ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கச் சார்ஜரில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. அந்த வசதியே இல்லாத லேப்டாப் என்றால் 80 வாக்கில் சுவிட்சை அணைத்து, 40 வாக்கில் போடுங்கள், அதையும் பாதி நாள் மறந்துதான் போவீர்கள், பரவாயில்லை. பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று சதவீதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை யார் பார்ப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது ஃபுல் செய்வதால் ஒன்றும் குடிமுழுகாது.

இரண்டாவது, வைக்கிற இடம். மெத்தை, தலையணை, மடி மூன்றும் வேண்டாம், அடியில் இருக்கும் காற்று வழி அடைத்துக்கொள்ளும். சமையலறை கடப்பாக் கல் மாதிரி ஒரு பலகைக் கல் கிடைத்தால் அதைவிட நல்ல மேசை இல்லை, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை வைத்துக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். காரில் வைத்துப் பூட்டிவிட்டு அரிச்சல்முனையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பூட்டிய காருக்குள் அடிக்கும் வெக்கையில் லேப்டாப்பை விடாதீர்கள். லேப்டாப் கொதித்துக் கிடக்கும்போது உடனே சார்ஜும் போடாதீர்கள், பொதுவாக 45 டிகிரிக்கு மேல் இந்தப் பேட்டரியில் ஏற்றக் கூடாது. அதற்காக ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அய்யா, வேண்டாம். வெளியே எடுத்ததும் நம்ம ஊர்க் காற்றுக்கு உள்ளே எல்லாம் வியர்த்துவிடும்.

அப்புறம், பயன்படுத்தாமல் வைப்பவர்கள். 2011-லிருந்து அரசு கொடுத்த லேப்டாப்புகள் எத்தனையோ இந்தக் கடைக்கு வந்திருக்கின்றன. சார்ஜ் தீர்ந்ததும் பீரோவில் வைத்து, ஒரு வருஷம் கழித்து எடுத்தால் உயிரே வராது. லித்தியம் செல் வெறும் வயிற்றில் கிடந்தால் இன்னும் கீழே இறங்கி, ஒரு அளவுக்குக் கீழே போனதும் பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொள்ளும். லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா, 50 சதவீதத்தில் முழுசாக அணைத்து, ஸ்லீப்பில் இல்லை, ஷட் டவுன் செய்து வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும்.

20 காட்டும்போதே அணைவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த எண் அளந்து சொல்வது இல்லை, கணக்குப் போட்டுச் சொல்வது. செல் மெலிந்ததும் கணக்குத் தப்பும். அதற்கு மட்டும் உங்கள் தோழி சொன்னதைச் செய்யலாம்: முழுசாக ஏற்றி, 5, 10 வரை இறக்கி, மறுபடி முழுசாக ஏற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அவ்வளவே. கணக்கு சரியாகும், போன வலு திரும்பாது.

புது பேட்டரி மாற்றுவதாக இருந்தால் ஒன்று. நானே ஒரு முறை மொத்தமாக மலிவு விலையில் பத்து வாங்கி ஏமாந்தேன். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெரிய எண், போட்டு ரிப்போர்ட் எடுத்தால் அதில் முக்கால்கூட இல்லை. அதிலிருந்து தயாரித்த மாதத்தைப் பார்க்காமல் வாங்குவதில்லை, இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்தது புதுசே இல்லை. மாற்றிய அன்றைக்கே, கடையிலேயே நின்று, ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கு, தங்கச்சி, இன்றைக்கே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. 80 வசதியைப் போட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் இந்த வீடியோவை நிறுத்திவிட்டு ஒன்று செய்யுங்கள். லேப்டாப்பை மூடி, சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள், ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதா? திறந்து டச்பேடின் ஓரத்தை விரலால் தடவுங்கள், ஒரு பக்கம் மேடாக, போஸ்ட் கார்டு நுழைகிற மாதிரி இடைவெளி இருக்கிறதா? இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடித்துவிடும். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, வெயில் படாமல் எடுத்து வாருங்கள்.