ரீடு ஒட்டிக்கிட்டா ஊதலைத் தூக்கிப் போடாதீங்க மக்களே!

வணக்கம் மக்களே! பாளையங்கோட்டையில நம்ம மொட்டைமாடிதான். ஆஸ்திரேலியா, அமெரிக்காவுல இருக்க தம்பிமாரு "நரி, கொயோட்டி கூப்பிடுத ஊதல்ல எதை வாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. கொயோட்டின்னா அமெரிக்காவுல இருக்க, ஓநாயை விடச் சின்னக் காட்டு மிருகம். ஊதல்ல எலி, முயல் கத்துத மாதிரி ஊதுனா இரைன்னு நினைச்சு வரும். அங்க லைசென்ஸோட வேட்டைக்குப் போறவங்களுக்குத்தான் இது. நம்ம ஊர்ல 1972 வனஉயிர்ச் சட்டப்படி நரி வேட்டை குத்தம். குளத்தங்கரை, தேரிப் பக்கம் நின்னு விளையாட்டுக்குக்கூட ஊதாதீங்க.

ரீடுன்னா ஊதும்போது அதிருத பிளாஸ்டிக் நாக்கு. அது குழலுக்குள்ள மறைஞ்சிருக்க மூடின ரீடு ஊதல் எனக்கு ஆகவே ஆகாது. ஊதுனா சத்தம் வந்துரும், ஆனா ஒரே குரல். திறந்த ரீடு வாங்குங்க. பிளாஸ்டிக் நாக்கு வெளியவே தெரியும், நாதஸ்வரச் சீவாளி மாதிரி உதடுதான் வேலை செய்யணும். நுனியில அமுக்குனா அதிருத நீளம் கம்மி, எலி மாதிரி கீச்சுக் குரல். உள்ள தள்ளி அமுக்குனா கரகரன்னு அடிபட்ட முயல்.

இப்போ இதைப் பாருங்க, 850 ரூவா ஊதல். ரெண்டே நாள்ல ஊமையாயிட்டு. ரீடுக்கும் அதுக்கு அடியில இருக்க பலகைக்கும் நடுவுல எச்சில் நின்னா ரீடு ஒட்டிக்கிடும், அவ்வளவுதான்! ரீடை நகத்தால நிமித்தாதீங்க, வளைவு போயிரும். புதுப் பத்து ரூவா நோட்டை அடியில விட்டு மெதுவா உருவுங்க. பாருங்க, ஈரம் நோட்டுல வந்துட்டு... கேட்டீங்களா? பேசுது! அல்வா தின்ன வாயோட மட்டும் ஊதாதீங்க, சீனியும் நெய்யும் ரீடுல படிஞ்சா நோட்டுக்கு அசையாது. பச்சத்தண்ணியில கழுவணும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிரும்.

கன்னத்தால ஊதாம அடிவயித்துல இருந்து "உவா... உவா"ன்னு ஊதுங்க. மறுகையால குழல் வாயைப் பொத்திப் பொத்தித் திறக்கணும். முதல் தடவை சன்னமா ஊதுங்க, மிருகம் பக்கத்துலயே படுத்திருந்தா பெரிய சத்தத்துக்கு மிரண்டு ஓடிரும். அரை நிமிஷம் ஊதி, ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. கொயோட்டிக்கு இருபது நிமிஷமாவது உக்காரணும்.

அட, காத்தை விட்டுட்டேன்! அதுதான் முக்கியம். கொயோட்டி நேரா வராது, சுத்தி வந்து காத்து போற பக்கத்துல நின்னு மோப்பம் பிடிக்கும். அந்தப் பக்கம் புதர் இல்லாம வெட்டவெளியா உங்க கண்ணுக்குத் தெரியணும். அப்படி இடம் இல்லைன்னா ஊதவே வேண்டாம்.

சரி, ஊதிக் காட்டுதேன். ஹெட்செட் போட்டவங்க சத்தத்தைக் கொறச்சுக்கிடுங்க.