மரம் நிற்கும், பால் நிற்காது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, காலை ஆராதனையிலிருந்து இந்த மண்டபத்தை விட்டு நகராத சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்து, தரையில் சிந்திய கரும்புச் சோகையைக்கூட இன்னும் கூட்டவில்லை. அதற்குள் பட்டிமன்றம். "கிறிஸ்துவுக்குள் வாழ இன்று அதிகம் தேவை நிதானமா, அவசரமா?" நான் அவசரம் அணி. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சிரிக்கிறார். சர்ச்சுக்குப் புடவை கட்ட முக்கால் மணி நேரம் எடுக்கிறவளுக்கு இந்தத் தலைப்பா என்று கேட்கிறார். சரி, பாவிதானே பாவத்தைப் பற்றி நன்றாகப் பேச முடியும்.

எதிரணித் தலைவர் ஆசிரியர் ஐயா பேசி முடித்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. "விசுவாசிக்கிறவன் பதறான்" என்று ஏசாயா 28-ஐ எடுத்தார். மழைக்காக நீடிய பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுகிறவனை யாக்கோபு 5-லிருந்து கூட்டி வந்தார். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேட்ட பிறகும் ஆண்டவர் இரண்டு நாள் அங்கேயே தங்கினாரே என்றார். "பதறாத காரியம் சிதறாது" என்று பழமொழி சொல்லி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வருகிறேன். லாசரு விஷயத்தில் மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தேட வேண்டாம்.

பதற்றமும் அவசரமும் ஒன்று என்று நினைத்துத்தான் ஐயா பேசினார். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு மருத்துவச்சிப் பாட்டியைத் தெரியும். நடு ராத்திரி கதவைத் தட்டினால் பாட்டி பதற மாட்டார். வெற்றிலையைத் துப்புவார், முந்தானையைச் சொருகுவார், தண்ணீர் சூடு பண்ணச் சொல்வார். ஆனால் "காலையில் வருகிறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பேச வந்தது அந்த அவசரத்தைப் பற்றி.

பதற்றம் எப்படி இருக்கும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. 2011 மே 21-ஆம் தேதி நியாயத்தீர்ப்பு நாள் என்று அமெரிக்காவில் ஹரால்ட் கேம்பிங் என்பவர் வானொலியில் அறிவித்தார். விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். நம்பினவர்களில் சிலர் வேலையை விட்டார்கள், சேமிப்பைச் செலவழித்தார்கள். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு வந்தது, நம் சபையில் ஆராதனை வழக்கம்போலப் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பவுல் காலத்துத் தெசலோனிக்கே சபையிலும் வேலை வெட்டி இல்லாமல் வீண் அலுவலில் திரிந்தவர்கள் இருந்தார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதிவிட்டார். தேதி குறிப்பதும் தெருமுனையில் மைக் பிடித்துக் கத்துவதும் எங்கள் அணியின் வேலை இல்லை.

அடுத்தது பயிரிடுகிறவன். மலேசியத் தோட்டப்புறமான இந்தச் சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு பயிரைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கிறாரே ஐயா! ரப்பர் பால்மரம் நட்டால் பால் வெட்டுக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அந்த ஐந்தாறு வருஷம் பொறுமைதான், வேறு வழியில்லை. ஆனால் வெட்டு தொடங்கிய பிறகு?

என் அம்மா முப்பது வருஷம் பால் வெட்டினார். இருட்டிலேயே பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தலையில் விளக்கு, கையில் உளி. பள்ளி விடுமுறையில் நானும் பின்னால் போவேன். முதலில் நேற்றைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் பிடித்து ஒரே இழுப்பில் உரிப்பார், ரப்பர் வளையம் மாதிரி சுருண்டு வரும். அப்புறம் உளி. பட்டை, காகிதக் கனத்துக்கு ஒரு சீவல். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. சீவின கோட்டில் முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு புள்ளி புள்ளியாக வெள்ளை வேர்க்கும், புள்ளிகள் சேரும், சரிவில் இறங்கித் தகரத்தில் ஏறி மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். அந்தச் சத்தம் கேட்கும்போது அம்மா அடுத்த மரத்தில் இருப்பார். ஒரு நாள் நான் எழுந்திருக்க அடம் பிடித்தபோது சொன்னார்: "வெயில் வந்தப்புறம் போனா மரம் நமக்காக நிக்கும்டி, பால் நிக்காது."

விடியலுக்கு முன் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக ஈரம் போய் அழுத்தம் இறங்கிவிடும். அதே மரம்தான், அதே உளிதான், பால் மட்டும் குறைந்துபோகும். மங்கு நிறைந்த பிறகும் மெத்தனமாக இருக்க முடியாது, ஸ்டோருக்குப் போய்ச் சேருவதற்குள் உறைந்தால் கட்டிப்பால் விலைதான். இப்போது இந்தப் பக்கமெல்லாம் செம்பனை. அதற்கும் நட்டு மூன்று வருஷம் காத்திருக்கலாம். குலையை வெட்டிச் சாய்த்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் போய்விடும். லோரி வரவில்லை என்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் போடும் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஐயா, காத்திருக்க வேண்டியது மழைக்காக. அது தேவன் கையில் இருக்கிறது. நம் கைக்கு வந்துவிட்ட காரியத்துக்கு யாக்கோபு காத்திருக்கச் சொன்னாரா? நீங்கள் வாசித்தது ஏழாம் வசனம். மூன்று வசனம் மேலே போங்கள். வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி பிடித்து வைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. அதே அதிகாரம், அதே பேனா. கூலியைப் பற்றி மோசேயும் சொன்னார்: கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது, லேவியராகமம் 19. ஒரு ராத்திரிகூடத் தவணை கிடையாது. நாம் காத்திருக்கலாம், நமக்காக அடுத்தவனைக் காக்க வைக்கக் கூடாது.

(இந்த இடத்தில் ஒரு சின்ன அறிவிப்பு. போன வருஷ ஏலத்தில் முருங்கைக்காய்க் கட்டும் சேவலும் எடுத்துவிட்டு இன்னும் பணம் கட்டாதவர்கள் மூன்று பேர் இருப்பதாகப் பொருளாளர் சொன்னார். அவர்கள் எல்லாரும் எதிரணிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். பரவாயில்லை.)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, "அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது" என்றார். அவசரப்பட்டால் வேலை அரைகுறையாக முடியும் என்பது அவர் பயம். தம்பி, உங்கள் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தின் கதையைக் கேளுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார், ஏறக்குறைய இருபத்து நாலு வயசு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிப் படித்தார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார், 1711-இல் முடித்தார், 1715-இல் அச்சில் முழுதாக வந்தது. நடுவில் டேனியத் தளபதி அவரைச் சில மாதம் சிறையில் வேறு போட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தபோது 1719-இல் இறந்துபோனார். வயசு 36. "முதலில் பத்து வருஷம் தமிழை நன்றாகப் படித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் நிதானித்திருந்தால்? அவர் உழைத்ததில் பொறுமை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தொடங்குவதில்தான் பொறுமை காட்டவில்லை.

நம் வியாதி வேறு. அதற்குப் பெயர் பேலிக்ஸ். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது தேசாதிபதி பேலிக்ஸ் பயந்துபோனான். உண்மையாகவே தொட்டுவிட்டது. என்ன சொன்னான்? "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்." அதற்குப் பிறகு அழைப்பிக்கவும் செய்தான், அதுதான் வேடிக்கை. பல தடவை கூப்பிட்டுப் பேசினான், ஏதாவது பணம் கிடைக்காதா என்று. இரண்டு வருஷம் ஓடியது. பதவி மாறிப் போகும்போது பவுலைக் கட்டுண்டவனாகவே விட்டுவிட்டுப் போனான். அவன் ஒரு நாளும் சுவிசேஷத்தை மறுக்கவில்லை, தேதிதான் தள்ளினான்.

நம்மூர் பேலிக்ஸ்களிடம் கேட்டால், "ஐம்பத்தைந்து வயசில் ஈபிஎஃப் சேமநிதிப் பணம் எடுத்ததும் முழுசாக ஊழியத்துக்கு வந்துவிடுகிறேன்" என்பார்கள். ஐம்பத்தைந்து வரும், பணமும் வரும், கூடவே மகள் கல்யாணமும் முட்டி வலியும் வரும். இன்னும் கொஞ்சம் நவீனமான பேலிக்ஸ் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். "சகோதரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஜெபிக்கவும்" என்று குழுவில் ஒரு செய்தி விழும். கைகூப்பும் படம் வரிசையாக வரும், ஆமென் ஆமென் என்று திரை நிறையும். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அவருக்குச் சோறு கொண்டு போனது யார் என்று கேட்டால் குழு அமைதியாகிவிடும். குளிர் காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்டது இதைத்தான். நானும் ஆமென் போடுகிறவள்தான், தப்பித்துக்கொள்ளவில்லை.

வெளியிலிருந்து ஒரு உதாரணம். நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் கிறிஸ்தவர் இல்லை. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு கிளம்பினார்கள், வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடலில் வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. எல்லாம் அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தோட்டம் தோட்டமாகப் போய் வெட்டுக்காரர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்தார், அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள். இந்தப் பிரபஞ்சத்தின் பிள்ளைகள் ஒளியின் பிள்ளைகளைவிட விவேகிகள் என்று ஆண்டவர் சொன்னது எனக்கு அங்கே உறைக்கும்.

இப்போது வரி வசூலித்த சகேயு. காட்டத்தி மரத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் ஆண்டவர், "நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அவன் சீக்கிரமாய் இறங்கினான். ஞாயிறு பள்ளியில் அதுவரை பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதற்கு அப்புறம்தான் விஷயம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அன்றைக்கே எழுந்து நின்று சொன்னான். "வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்து" என்று சொல்லவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்ததும் அந்த வார்த்தைக்குப் பின்தான்.

நடுவர் ஐயா, ஒரு மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நம் சபையில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம், பாதிப் பேருக்குத் தெரியும். தோட்டம் மூடிய பிறகு தாமான் குடியிருப்பில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டி விற்றார். என் மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போன வருஷம் சீருடைக்கும் பஸ்ஸுக்கும் பணம் முட்டியது. அக்காவிடம் 300 வெள்ளி கடன் கேட்டேன். மைலோ டின்னைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். எல்லாம் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டு, ஓரமெல்லாம் சம்பல் எண்ணெய். அடுத்த மாசம் தருகிறேன் என்றேன். அந்த அடுத்த மாசம் இரண்டு வருஷம் நீண்டது. பணம் இல்லாமல் இல்லை. நடுவில் நாங்கள் சோபா மாற்றினோம்.

அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "பாப்பா எப்படிப் படிக்குது?" என்பார். எனக்கு அது பணத்தைக் கேட்பது மாதிரியே காதில் விழும். அதற்காக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டிருந்த நான் கடைசி வரிசைக்கு மாறினேன். காற்றாடிக்குக் கீழே இருந்தால் சளி பிடிக்கிறது என்று காரணம் சொன்னேன். கடைசி வரிசையிலும் காற்றாடி உண்டு. திருவிருந்து எடுத்தேன், சமாதானம் சொல்லிக் கை கொடுத்தேன், எல்லாம் செய்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் நாசி லெமாக் கட்டும்போதே அக்கா சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இயந்திரத்தில் பணம் எடுத்துக்கொண்டு அவர் மகனிடம் போனேன். என் நோட்டுகள் புத்தம் புதுசு, ஒரு மடிப்பு இல்லை. அந்தப் பையன் உள்ளே போய் ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்து புரட்டினான். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எல்லாம் அக்கா கையெழுத்தில் இருந்தது. முழுக்கப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பேரு இதுல இல்லையே" என்றான்.

எதிரணி கடைசியில் சிலுவையில் தொங்கின கள்ளனை எடுத்து வருவார்கள், எனக்குத் தெரியும். கடைசி நிமிஷத்தில் வந்தாலும் பரதீசு உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவன் வாய்ப்பைத் தள்ளிவைத்துக் கடைசியில் வந்தவன் என்று எங்கே எழுதியிருக்கிறது? நமக்குத் தெரிந்தவரை ஆண்டவரை அவன் முதல் தடவை பார்த்த இடமே அந்தச் சிலுவைதான், பார்த்த அன்றைக்கே கேட்டான். பதிலும் "இன்றைக்கு" என்றுதான் வந்தது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி. மூன்றாவது அணியாக உட்கார்ந்திருக்கும் நீங்கள் யாராவது, அடுத்தவர் பேசும்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனால், நடுவர் ஐயா அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளாளரும் அந்த வராந்தாவில்தான் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நன்றி, ஸ்தோத்திரம்.