இட்லிப் பானையும் லைசென்ஸ் ராஜ்யமும்
(மாட்டுங்கா கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, சட்டம் கற்ற வழக்கறிஞர் ஐயா அவர்களே, தாராவியில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். சால்வை போர்த்திய செயலாளருக்கு நன்றி. மும்பை மே மாதத்தில் சால்வையைத் தாங்குவதற்கும் ஒரு மனவலிமை வேண்டும்.

சொத்துரிமை, போட்டி, சட்டத்தின் ஆட்சி என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன்.

1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நம் மும்பைக்காரர் மினு மசானி கூட நின்றார். எதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும் என்றார்கள். 1967இல் மக்களவையில் 44 இடம் பிடித்தார்கள். அரசாங்கமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. திருடனைப் பிடி, வழக்கைத் தீர்த்து வை. யார் எதை விற்பது என்பதில் மூக்கை நுழைக்காதே என்றார்கள். வேலி வேண்டும், ஆனால் வேலியே பயிரை மேயக் கூடாது.

எங்கள் தெருவுக்கு ஓர் அண்ணாச்சி வருவார், திருநெல்வேலிப் பக்கம். சைக்கிள் கேரியரில் இட்லிப் பானை, ஹேண்டிலில் சட்னித் தூக்கு, பாம் பாம் என்று ஹாரன். ஒருநாள் பறிமுதல் வண்டி வந்தது. பானை, தூக்கு, சைக்கிள் எல்லாம் ஏறிப் போயின. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கும் இந்த ஊரில்தான் பிழைப்பு. துணைக்குப் போனேன். முதல் மேஜையில், "ரசீது எங்கே?" பிடித்தவர்கள் தரவில்லை ஐயா. அடுத்த மேஜையில், "அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார்." அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "அவர் சாப்பிடத்தானே நானும் இட்லி கொண்டுவந்தேன்!" (கைதட்டல்) நாலாம் நாள் பானை கிடைத்தது. மூடியைத் திறந்தோம். துணியோடு பூசணம். அவர் அபராதம் கட்டிவிட்டு, அந்தத் துணியை அங்கேயே குழாயில் அலசினார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதுதான்.

இத்தனைக்கும் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கெட்டுப்போகும் பொருளைப் பறித்தால், கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். தெரு வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். சலுகை ஏதும் நாம் கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய் என்கிறோம்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, அது அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் மனு இருக்கிறது, தமிழிலும் மராத்தியிலும். கையெழுத்துப் போடுங்கள். இட்லி விற்பவர்கள் பறிமுதல் ரசீது வைத்திருந்தால் நகல் கொடுங்கள். ரசீதே தரவில்லை என்றால் நாளும் இடமும் எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞர் ஐயா கட்டணம் வாங்க மாட்டேன் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார், நீங்கள்தான் சாட்சி.