மண் நிலக்கரியைத் தேடி வந்த கதை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பீங்கான் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமாக எல்லோரும் அங்கே பெயர்பெற்ற பீங்கான் ஆலை முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் நிலக்கரியிலிருந்து தொடங்குகிறேன்.

டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். ஒன்றையொன்று ஒட்டிய இந்த ஆறு ஊர்களும் 1910இல் இணைந்து இன்றைய ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆயின. அந்த ஊர் மண்ணில் வெண்ணெய் ஜாடியும் சட்டியும் செய்யலாம். வெள்ளைப் பாத்திரம் வராது. அதற்கான களிமண் டெவன், கார்ன்வால் என்று தென்மேற்குக் கோடியிலிருந்து வரவேண்டும். அப்படியானால் ஆலையை அங்கேயே கட்டியிருக்கலாமே? முடியாது. மண்ணைவிட அதைச் சுடும் கரிதான் எடையில் பல மடங்கு. கரியோ இந்த ஆறு ஊர்களின் காலடியில் கிடந்தது. அதனால் மண் கரியைத் தேடி வந்தது.

வந்த வழி சுலபமில்லை. கடல்வழியாக மெர்ஸி ஆறு வரை கப்பல், பிறகு பொதிக்குதிரை. செய்த பாத்திரம் திரும்பிப் போகும்போது பாதி வழியில் உடையும். 1766இல் டிரென்ட்-மெர்ஸி கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் வெட்ஜ்வுட். வேலை முடிந்தது 1777இல். அதற்குள், கால்வாய் போகும் கரையிலேயே நிலம் வாங்கி, 1769இல் எட்ரூரியா ஆலையைத் திறந்துவிட்டார் மனிதர்! 1765இல் சார்லட் ராணிக்குத் தேநீர்ப் பாத்திரங்கள் செய்துகொடுத்து, அந்தச் சரக்குக்கு ராணியின் பெயரையே வைத்து ஊரெல்லாம் விற்றவர் அவர். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் சூளைக்குள் போனவர் அவர் இல்லையே.

அந்தச் சூளையைக் கொஞ்சம் பார்ப்போம். வெளியே பாட்டில் வடிவத்தில் உயர்ந்து நிற்பது புகைபோக்கிக் கூடு. உள்ளே இருப்பதுதான் சூளை. கரிப்புகை படாமலிருக்க, பாத்திரங்களைச் 'சாகர்' என்ற சுடுமண் பெட்டிகளில் வைத்து மூடுவார்கள். அந்தப் பெட்டிக்கு அடிப்பலகை போல மண்ணைத் தட்டித் தட்டிப் பரப்புவதற்கென்றே ஒரு பையன் உண்டு. நிரம்பிய பெட்டியை அடுக்குபவர் தலையில் தூக்குவார். தொப்பிக்குள் பழைய காலுறையைச் சுருட்டி வைத்துக்கொள்வார். நம் ஊர்ச் சும்மாடேதான். அப்படியே ஏணியில் ஏறி, கூரை வரை அடுக்கவேண்டும். வாசலைச் செங்கல் வைத்து அடைத்துத் தீ மூட்டினால், இரண்டு மூன்று நாள் தீக்காரருக்குத் தூக்கம் கிடையாது. ஒரு சுடலுக்குப் பத்து டன்னுக்கு மேல் கரி. அடுத்த சுடலுக்கு அவசரம் என்றால், சூளை ஆறும்வரை காத்திருக்க விடமாட்டார்கள். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் உள்ளே போவார்கள்.

இதைவிடக் கொடியது தூசு. பாத்திரம் வெளுக்க, சக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு அரைத்துக் கலந்தார்கள். அந்தத் தூள் நுரையீரலில் படிந்தால் மூச்சு போய்விடும். தண்ணீர் விட்டு அரைக்கும் முறைக்கு 1726இலேயே தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கினார். அரைவை ஆலையில் அது உதவியது. மற்ற பட்டறைகளில் தூசு தொடர்ந்து பறந்தது. பாத்திரத்தைப் பளபளப்பு மெருகுக் குழம்பில் முக்குகிறவர்களுக்கு, அதிலிருந்த ஈயம் தனியாக விஷம் வைத்தது. தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸுக்கு 'குயவர் நோய்' என்றே அங்கே பெயர் விழுந்துவிட்டது.

சைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், 'போன் சைனா' என்ற மெல்லிய வெள்ளைப் பீங்கானில் ஏறக்குறையப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கலவையைச் செம்மைப்படுத்தியவர் ஜோசையா ஸ்போடு.

சரி, நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 2,000 பாட்டில் சூளைகள் புகைத்த ஊர் அது. 1956இல் கரிப்புகையைக் கட்டுப்படுத்தும் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்சாரச் சூளையும் எரிவாயுச் சூளையும் இடத்தைப் பிடித்தன. 1978இல், சிறப்பு அனுமதி வாங்கி, பழைய ஆட்களைக் கூப்பிட்டு, லாங்டனில் கடைசியாக ஒரு சூளையைக் கரியால் சுட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். 2009 தொடக்கத்தில் வெட்ஜ்வுட் நிறுவனமே திவாலானது. அதற்கு முன்பே உற்பத்தியில் பெரும்பகுதியை இந்தோனேசியாவுக்கு மாற்றத் தொடங்கியிருந்தார்கள். காரணம் இந்தமுறை கரி இல்லை, கூலி.