எப்படித் தெரிந்தது என்று காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் மதம், அறிவியல், சமுதாயம் பற்றி வருகிற ஆவணப்படங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாலிகிராமத்தில் ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன் நான். மற்றவர்கள் அலைந்து திரிந்து எடுத்துவரும் ஃபுட்டேஜை வெட்டிக் கோத்து அரை மணி நேரமாக்கித் தருவது என் வேலை. அந்த மேஜையில் உட்கார்ந்து பார்க்கும்போது என் மனதை அரிக்கிற ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1995 செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயிலுக்கு ஓடியது பல நேயர்களுக்கு நினைவிருக்கும். வடக்கே கிளம்பிய செய்தி ஒரே நாளில் எங்கும் பரவிவிட்டது. சென்னையிலும் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் டம்ளரும் ஸ்பூனுமாக வரிசை நின்றது. அப்போது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போய், பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்பூனில் பால் குறைந்தது. ஆனால் ஸ்பூன் தொட்ட இடத்துக்குக் கீழே, சிலையின் மேல் சாயம் படிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஸ்பூன் ததும்ப இருக்கும் பால் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும். தும்பிக்கையில் அது பட்டதும் பரப்பு இழுவிசை பாலைக் கல்லின் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அது மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடும். அபிஷேகத்தில் ஏற்கெனவே நனைந்த சிலை என்றால் வழிவதே கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டதும் தெரிந்தது.

எனக்கு அந்தச் சாயம் மிகவும் பிடித்திருக்கிறது. யாரையும் முட்டாள் என்று சொல்லாமல், கும்பிட வந்தவர் கண்ணெதிரே, அவர் வீட்டுக்குப் போய்த் தானே செய்து பார்க்கக்கூடிய விதத்தில் ஒரு விடை கிடைத்தது. அறிவியல் நிகழ்ச்சி என்றால் இதைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் அந்த நாளைப் பற்றி இன்றைக்கு ஒரு படம் எடுத்தால் சாயத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. வரிசையில் நின்ற அந்த அம்மாவிடம் மைக்கை நீட்டி, பால் குடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். யார் சொல்லி வந்தீர்கள், யாரையெல்லாம் கூட்டி வந்தீர்கள், பிள்ளையாரிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால் ஒரு தெருவின் கதையே வரும். பால் எங்கே போனது என்பதற்கு இயற்பியல் விடை சொல்லும். அத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்பதற்கு அவர்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் தாராளமாக இருக்கலாம்.

இப்போது எடிட்டிங் அறைக்கு வாருங்கள். ஒரு தொல்லியல் அறிஞர் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். அதில் அரை நிமிஷம் பைட், அதாவது படத்தில் போட ஒரு பேச்சுத் துண்டு, வேண்டும் என்பார்கள். எடிட்டிங் திரையில் அவர் பேச்சின் ஒலி அலையலையாக ஓடும். ஒரு முடிவைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார். அந்த இடத்தில் அலை தட்டையாகும். அடுத்து, இது இன்னும் உறுதியாகவில்லை, இன்னொரு இடத்திலும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று தொடர்வார். கத்தரி விழுவது சரியாக அந்த மூச்சில்தான். அறிஞர் சொன்ன முடிவு வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார், எவ்வளவு தயங்கினார் என்பது மேஜையிலேயே நின்றுவிடுகிறது. பொய் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் பார்க்கிறவருக்கு நியாயம் செய்யப்படவில்லை.

இதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு உதாரணம் நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘காஸ்மோஸ்’ தொடரை வானியல் அறிஞர் கார்ல் சேகன் வழங்கினார். பதின்மூன்று பகுதிகளில் பத்தாவது, பிரபஞ்சத்தின் தோற்றமும் முடிவும் பற்றியது. அதற்காக அவர் கும்பகோணம் பக்கத்துத் தாராசுரம் வரை வந்தார். பொங்கல் கொண்டாட்டம் அதில் இருக்கிறது, நடராஜர் இருக்கிறார், ஒரு கையில் படைப்பின் உடுக்கை, ஒரு கையில் நெருப்பு. பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள் என்ற கணக்கை, நவீன வானியல் சொல்லும் கால அளவுகளோடு பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி இவ்வளவு மரியாதையோடு நம் கோயிலுக்குள் நின்று பேசியதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் தொடரோடு வெளிவந்த புத்தகத்தில், இந்தப் பொருத்தம் சந்தேகமில்லாமல் தற்செயலானது என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொருத்தம் மட்டும். தற்செயல் என்று அவர் சொன்னது சுற்றுவதில்லை. அதைச் சேர்த்துச் சொன்னால் நடராஜருக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. உலகம் ஒருமுறை தோன்றி ஒருமுறை முடிவது போதாது, கோடி கோடி ஆண்டுகளாக மறுபடி மறுபடி நடக்க வேண்டும் என்று ஒரு மரபு கற்பனை செய்ததே பெரிய விஷயம். அதற்கு டெலஸ்கோப்பின் சான்றிதழ் எதற்கு?

சரி, நாமே எடுத்த படத்துக்கு வருவோம். 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். குமரிக்கண்டத்தைப் பற்றி அரசே ஒரு ஆவணப்படம் எடுத்து அங்கே திரையிட்டது, இயக்கியவர் ப. நீலகண்டன். கடல்கொண்ட நிலம் என்ற நினைவு தமிழில் பழையது. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் சொல்கிறது. இறையனார் களவியல் உரை, கடல்கொண்ட சங்கங்களைச் சொல்கிறது. இந்த நினைவோடு லெமூரியா என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் அருமையான கதை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளருக்கு ஒரு புதிர். மடகாஸ்கரில் லெமூர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் சொந்தக்கார விலங்குகள் இந்தியாவிலும் இருக்கின்றன. வேறெங்கும் தேட வேண்டாம், நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இரவில் கண் உருட்டிக்கொண்டு திரியும் தேவாங்கு அந்த உறவுதான். இடையில் இவ்வளவு கடல் இருக்க எப்படி வந்தன? நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம். பிறகு கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று தெரிந்தது. மூழ்கிய கண்டம் தேவைப்படாமல் போயிற்று.

ஒரு கருத்து எப்படிப் பிறந்தது, எதனால் கைவிடப்பட்டது என்று தமிழில் ஒரு மணி நேரம் காட்ட இதைவிட நல்ல கதை கிடைக்குமா? அதன் இரண்டாம் பாதி இன்னும் சுவையானது. கடல் ஏறியது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இப்போதையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். கண்டம் மூழ்கவில்லை, கரை பின்வாங்கியது. அந்தக் கரையில் யார் வாழ்ந்தார்கள், அந்த நினைவுதான் பாட்டுக்குள் வந்ததா என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. அதை முடிந்த விஷயமாகச் சொல்லும் வீடியோக்கள்தான் எங்கே திரும்பினாலும் கிடைக்கின்றன. கேள்வியாகவே கேட்கும் படத்தைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

கீழடியும் அப்படித்தான். கி.மு. 580 என்ற எண் 2019இல் வந்ததும் எல்லா சேனலும் அதைப் பெரிய எழுத்தில் போட்டது. பெருமைப்பட வேண்டிய எண். அந்த எண் எங்கிருந்து வந்தது? குழியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டிலிருந்து. அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது, ஆகவே மிச்சத்தை வைத்து வயது சொல்லலாம். அந்தக் கரியை நம் கை படாமல் எப்படி எடுக்கிறார்கள், எந்த மண் அடுக்கு என்று எப்படிக் குறிக்கிறார்கள் என்று இரண்டு நிமிஷம் காட்டினால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்த எண்ணுக்காக வாதாடவே தயாராகிவிடும். எண்ணை மட்டும் கொடுத்தால், நாளைக்கு யாராவது வேறு எண் சொன்னால் அந்தப் பிள்ளை கையில் என்ன இருக்கும்?

மயிலாப்பூரைப் பற்றி ஒரு படம் செய்யக் கிடைத்தால் எப்படிச் செய்வேன் என்று அடிக்கடி யோசிப்பேன். திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பூம்பாவைப் பதிகத்தை எல்லோருக்கும் தெரியும். பாம்பு கடித்து இறந்த பெண்ணின் சாம்பல் குடத்தில் இருக்கிறது. அவர் பாடப்பாட அவள் உயிரோடு எழுகிறாள். பக்தி நிகழ்ச்சிகள் இந்த அற்புதத்தோடு முடித்துக்கொள்ளும். மறுக்க வருகிறவர்களும் அதே இடத்தில் நின்று சண்டை போடுவார்கள். பாட்டைக் கேளுங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழா விழாவாக, இதையெல்லாம் பார்க்காமல் போகிறாயா பூம்பாவை என்று கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டு மயிலையின் ஆண்டு முழுவதும் அதற்குள் இருக்கிறது. தென்னை இருக்கிறது, அலை இருக்கிறது. அன்றைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், இப்போதைய கபாலீசுவரர் கோயில் பின்னால் கட்டியது என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பதிகத்தோடு சேர்த்துச் சாந்தோம் பக்கம் கிடைத்த பழைய கல்வெட்டுத் துண்டுகளையும் படத்தில் காட்ட வேண்டும். ஓதுவார் ஒருவர் பாட வேண்டும். வெட்டாமல், ஒரு பாட்டு முழுதாக. நம்புகிறவர் நம்பிக்கொண்டே பார்க்கட்டும், நம்பாதவர் அப்படியே பார்க்கட்டும். இருவருக்கும் அவர்கள் ஊர் கிடைக்கும்.

மதம் பற்றிய படம் என்றால் மதத்துக்குள் இருப்பவரைப் பேசவிட வேண்டும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். ஆனந்த் பட்வர்தன் 1992இல் வெளியிட்ட ‘ராம் கே நாம்’ அயோத்தி பற்றியது. தேசிய விருது வாங்கிய படம். ஆனாலும் நீதிமன்றம் போன பிறகுதான் தூர்தர்ஷனில் வந்தது. அதில் மனதில் நிற்பவர் அங்கே ராமஜன்மபூமிக் கோயிலின் பூசாரியாக இருந்த லால்தாஸ். ராமரை நம்புகிறவர், ராமர் பெயரால் நடந்த அரசியலை எதிர்த்து நிதானமாகப் பேசுகிறார். 1993இல் அவர் கொல்லப்பட்டார். அவர் முகமும் பேச்சும் இன்றைக்கும் நமக்குக் கிடைப்பது, யாரோ ஒருவர் அவசரப்படாமல் கேமராவை அவர் முன்னால் நிறுத்தியதால்தான்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆவணப்படத்தில் திடும் திடும் என்று இசை ஏறும்போது ரிமோட்டில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். ஒரு கல்லின் மேல் கேமரா மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தால், அங்கே காட்ட எதுவும் இல்லை என்று அர்த்தம். கிராஃபிக்ஸில் பழைய நகரம் எழும்பினால், எந்தச் சுவர் தோண்டியபோது கிடைத்தது, எந்தச் சுவர் ஓவியர் போட்டது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

சேனல்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். அரை மணி நேரப் படத்துக்கு அரை நிமிஷ பைட் தான் வேண்டும் என்றால், சரி, வெட்டித் தருகிறோம். ஆனால் அந்த முக்கால் மணி நேரப் பேட்டியை உங்கள் யூடியூப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். எடுத்த தேதியையும் இடத்தையும் அதன் கீழே எழுதுங்கள். புதிதாகச் செலவு எதுவும் இல்லை. இப்போது படம் ஒளிபரப்பானதும் அடுத்த வேலைக்கு இடம் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்கை அழித்துவிடுகிறார்கள். அந்த அறிஞர் தயங்கிச் சொன்னதெல்லாம் அதோடு போய்விடுகிறது. அழிப்பதற்கு முன்னால் ஒரு நாள் பொறுத்து, அதை ஏற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.